நூல் விடும் தயிர்

பரமத்தி வேலூர்
12-3-1981

அன்புள்ள தம்பி அருணகிரிக்கு,

அக்கா செல்லாயி எழுதறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுத மூணு மாசமா கை வரலை. அதான் உனக்குக் கடிதாசி இல்லை.

மார்கழியில நம்ம பூவாத்தாளுக்கு டைபாய்டு வந்தது. நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் மருந்து குடுத்தோம். காய்ச்சல் விட்டுருச்சு. ஆனா அதுக்கப்புறம் வவுறு நிக்கவே இல்லை. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை போவா. அஞ்சு வயசுப் புள்ளையை இடுப்புல வெச்சா காலிக் கூடையைத் தூக்கின மாதிரி இருந்தது. கரூர்லயும் காட்டினோம், கேக்கலை.

போன மாசம் ஒரு தயிர் குடுத்துப் பாத்தேன். கரண்டியில எடுத்தா நூல் நூலா இழுத்துக்கிட்டு வரும். வெண்டைக்காயை நறுக்கினா வருமே, அந்த வழவழப்பு. புளிப்பு கம்மி. தண்ணி விட்டுக் கடைஞ்சு காலையில ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர் குடுத்தேன். பத்து நாள்ல நாலு தடவையாக் கொறைஞ்சது. இன்னிக்கு இருபதாம் நாள், ஒரே தடவைதான். நேத்து அவளே சோறு வேணும்னு கேட்டா.

நீ பெங்களூர்ல பாலையும் தயிரையும் வெச்சுத்தானே ஆராய்ச்சி பண்றே. இது நல்லதா கெட்டதான்னு எழுது. நம்ம ஊட்டுத் தயிர்தான். மச்சானுக்கு இதைப் பத்தி எழுதிராதே. நூல் விடற தயிர்னா அவருக்கு அருவருப்பு.

அக்கா
செல்லாயி

பெங்களூர்
19-3-1981

அன்புள்ள அக்கா,

குழந்தைக்கு மூன்று மாதமாக உடம்பு சரியில்லை என்பதை இப்போதுதான் எனக்கு எழுதுகிறாய்.

நூல் விடும் தயிர் கெட்டுப்போன தயிர். இங்கே வருவதற்கு முன் ஒரு வருஷம் நான் சர்க்கரை ஆலையில் இருந்தேன் அல்லவா, அங்கே தினமும் இதைப் பார்த்திருக்கிறேன். வெட்டின கரும்பு வெயிலில் கிடந்துவிட்டால் சாற்றில் இதே வழவழப்பு வரும். பாக்டீரியா செய்கிற வேலை. குழாயை அடைத்துக்கொள்ளும். வெந்நீர் விட்டுக் கழுவி முடிப்பதற்குள் ஷிப்டே முடிந்துபோகும். அப்படிப்பட்ட ஒன்றை, குடல் புண்ணாகிக் கிடக்கிற குழந்தைக்கு நீ குடிக்கக் கொடுத்திருக்கிறாய்.

உடனே நிறுத்து. பானையைக் கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கழுவு. குழந்தையைச் சேலத்துக்குப் பெரிய டாக்டரிடம் கொண்டு போ. எட்டாவது வரை படித்த நீ டாக்டர் வேலை பார்க்க வேண்டாம்.

அன்புடன்
அருணகிரி

பரமத்தி வேலூர்
2-4-1981

தம்பிக்கு,

நிறுத்தலை. தராசு இருக்கற கடையில புள்ளையை நிறுத்துப் பாத்தேன், ஒண்ணேகால் கிலோ ஏறியிருக்கா. நீ அவளைப் பாத்து ஒண்ணரை வருசம் ஆச்சு.

இனிமே உன்கிட்ட எதையும் கேக்க மாட்டேன். உன்னைப் படிக்க அனுப்பினப்போ நான் எட்டாவதோட நின்னவதான்.

செல்லாயி

பெங்களூர்
8-11-1981

அன்புள்ள அக்கா,

தீபாவளிக்கு வந்தபோது மூன்று நாளும் நீ என்னிடம் சாப்பிடச் சொன்னதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன், உன்னைக் குறை சொல்லவில்லை. பூவாத்தாள் வாய்க்கால் வரப்பில் ஓடியதைப் பார்த்தேன்.

கிளம்புகிற காலையில் உன் அடுப்படியிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியில் அந்தத் தயிரை எடுத்து வந்தேன். உன்னிடம் கேட்காமல் எடுத்தது தப்பு.

இங்கே பார்த்துவிட்டோம். கெட்டுப்போன தயிர் இல்லை. நல்ல தயிரில் இருக்கிற வகை பாக்டீரியாதான் இருக்கிறது, நோய்க் கிருமி ஒன்றும் இல்லை. ஆனால் இது பாலில் உள்ள சர்க்கரையைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்துத் தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. அந்தச் சங்கிலிதான் நீ சொன்ன நூல். பாலிசாக்கரைடு என்று அதற்குப் பெயர். எங்கள் பேராசிரியர் வீரபாகு புட்டியைப் பார்த்ததும், பின்லாந்து, ஸ்வீடன் பக்கம் இதே மாதிரி நூல் விடும் தயிரை விரும்பிச் சாப்பிடுவார்கள் என்றார். எனக்கு அது தெரியாது. தெரியாமலேயே உனக்கு அப்படி எழுதினேன்.

டைபாய்டு மருந்து கெட்ட கிருமியோடு குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் கொன்றிருக்கும். இந்தச் சங்கிலியை நம் வயிற்றால் எளிதில் செரிக்க முடியாது, பெருங்குடல் வரை போய்விடும். அங்கே நல்ல கிருமிகளுக்குத் தீனியாகலாம். புண்ணான குடல் சுவர்மேல் மெழுகின மாதிரி படியலாம். எல்லாவற்றையும் 'லாம்' என்றுதான் எழுதுகிறேன். குழந்தை தானாகவே தேறியும் இருக்கலாம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். பேராசிரியர் சம்மதித்துவிட்டார்.

ஒன்று மட்டும் எழுது. இந்த உறைமோர் நம் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது? நம் அம்மா வைத்த தயிரில் நூல் வந்து நான் பார்த்ததே இல்லை.

அன்புடன்
அருணகிரி

பரமத்தி வேலூர்
25-11-1981

தம்பி அருணகிரிக்கு,

தப்புன்னு எழுதினியே, அது போதும் சாமி. புட்டியைக் கேட்டிருந்தா நானே பெரிசாக் குடுத்திருப்பேன்.

உறைமோர் எப்பவும் இருந்ததுதான். எங்கிருந்து வந்ததுன்னு நெனவில்லை.

மழை நல்லா பேஞ்சது. வெத்தலைக் கொடிக்கால்ல வேலைக்கு ஆள் பத்தலை. நம்ம தோட்டத்துல வேலைக்கு இருந்த பழனியம்மா குடும்பம் சித்திரையிலயே ஜலகண்டாபுரம் போயிருச்சு, அவ புருசன் பெரியசாமி தறிக்குப் போறானாம். பூவா பள்ளிக்கூடம் போறா. மச்சான் உன்னைக் கேட்டதாச் சொன்னார்.

அக்கா
செல்லாயி

பெங்களூர்
4-8-1983

அன்புள்ள அக்கா,

ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி.

முதலில் நல்லது. எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, வயிற்றுப்போக்கு வரவழைத்துப் பார்த்தோம். தயிரே கொடுக்காத எலிகள் தேற எட்டு நாள் ஆனது. சாதாரணத் தயிர் தின்றவை ஆறு நாளில் தேறின. உன் தயிர் தின்றவை நாலே நாள். பேராசிரியர் நோட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

கெட்டது, இப்போது நூல் வருவதில்லை. சோதனைச்சாலையில் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் வைத்து மறுபடி மறுபடி உறை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஆறு மாதத்தில் வழவழப்பு குறைந்து, போன மாதம் முழுக்கப் போய்விட்டது. உயிரி அதேதான், தயிரும் உறைகிறது, சங்கிலி மட்டும் இல்லை. இதை எலிகளுக்குக் கொடுத்தால் சாதாரணத் தயிர் மாதிரிதான் வேலை செய்கிறது. ஆக, அந்த நூலில்தான் ஏதோ இருக்கிறது என்று இப்போது சந்தேகம் பலமாகிவிட்டது. ஆனால் அதைக் காட்ட என் கையில் நூல் இல்லை. என் மூன்று வருஷப் படிப்பு இதன்மேல்தான் நிற்கிறது.

உன் பானையிலிருந்து கொஞ்சம் எடுத்து வை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அதோடு, உறைமோர் யாரிடமிருந்து வந்தது என்று எழுதியே ஆகவேண்டும் என்கிறார் பேராசிரியர். யோசித்துப் பார்.

அன்புடன்
அருணகிரி

பரமத்தி வேலூர்
21-8-1983

தம்பி அருணகிரிக்கு,

என் பானையிலயும் இல்லை. சித்திரை வெயில்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வாரதுக்குள்ள நூல் போயிருச்சு. அதுக்கப்புறம் எத்தனை தடவை உறை விட்டும் வரலை. உனக்குச் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன். ஆனா பயம் அதுக்கு மட்டும் இல்லை.

அது நம்ம ஊட்டுத் தயிர் இல்லை. பழனியம்மா ஊட்டுது.

புள்ளை அப்படிக் கெடந்தப்போ அவதான் சொன்னா. "எங்கூட்டு மோருல ஒரு வாய் குடுத்துப் பாருங்க அம்மிணி, எங்க புள்ளைகளுக்கெல்லாம் அதான் கேக்கும்"னா. நம்ம ஊட்டாளுக அவங்க ஊட்டுல கை நனைக்கறதில்லைன்னு உனக்குத் தெரியும். நான் ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாம் நாள், யாருக்கும் தெரியாம கொண்டான்னேன். தினமும் முந்தானைக்குள்ள மறைச்சுச் சொம்புல கொண்டுவருவா. நானும் அதுல கொஞ்சம் எடுத்துத் தனிப் பானையில உறை விட்டு வெச்சேன்.

உனக்குக் கோவமா எழுதினேனே, அது முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். மச்சான் கொடிக்கால்ல இருந்து வழக்கத்தை விட வெள்ளெனவே வந்துட்டார். வாசப்படியில பழனியம்மா உக்காந்து பூவாவுக்கு மோர் குடுத்துக்கிட்டு இருந்தா.

"யாரு ஊட்டு மோரு அது?"ன்னார்.

"எங்கூட்டுதுங்க."

"யாரு கொண்டாரச் சொன்னது?"

பழனியம்மா என்னைப் பாத்தா. நான் தரையைப் பாத்தேன்.

"நானாத்தானுங்க கொண்டாந்தேன். புள்ளை மொகத்தைப் பாக்க முடியலைங்க"ன்னா.

நாளையிலிருந்து வேலைக்கு வரக்கூடாதுன்னுட்டார். தோட்டத்துல இருந்த குடிசையையும் காலி பண்ணச் சொல்லிட்டார். மூணாம் நாள் சட்டிபானையைக் கட்டிக்கிட்டுப் புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஜலகண்டாபுரம் பஸ் ஏறினாங்க. நான் ஊட்டுக்குள்ளயே இருந்தேன்.

என் புள்ளை பொழைச்சது அவளால. அவ குடியைக் கெடுத்தது நான். இதை ரெண்டு வருசமா யாருகிட்டயும் சொல்லலை. நீ நூல் எங்கேன்னு கேக்கறே. அது அங்கதான் இருக்கோணும்.

அக்கா
செல்லாயி

பெங்களூர்
30-8-1983

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். நடந்தது நடந்துவிட்டது, இப்போது மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஜலகண்டாபுரம் போய்வர ஒரு பகல் போதும். மச்சானிடம் சேலத்தில் துணி எடுக்கப் போவதாகச் சொல். ஒரு சொம்பு வாங்கி வந்தால் போதும். கட்டுரையில் 'பரமத்தி வேலூர் அருகே ஒரு விவசாயக் குடும்பத்திடமிருந்து பெறப்பட்டது' என்று போட்டுவிடுகிறேன். பொய்யும் இல்லை, யாருக்கும் சங்கடமும் இல்லை. கொஞ்சம் சீக்கிரம் போனால் நல்லது.

அன்புடன்
அருணகிரி

பரமத்தி வேலூர்
3-10-1983

தம்பி அருணகிரிக்கு,

பொய் இல்லைன்னு எழுதியிருக்கே. அன்னிக்கு நானும்தான் பொய் சொல்லலை. சும்மா நின்னேன், அவ்வளவுதான். நீ படிச்சவன், உனக்கு இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது.

துணி எடுக்கப் போறேன்னு சொல்லலை. மச்சான்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நான்தான் கொண்டாரச் சொன்னேன், அவ என்னைக் காப்பாத்தினா, நீங்க தப்பான ஆளைத் தொரத்திட்டீங்கன்னு சொன்னேன். நாலு நாள் நான் வெச்ச சோத்தைத் தின்னார், எந்திரிச்சுப் போனார். அஞ்சாம் நாள், "இத்தனை நாள் அந்த ஊட்டு மோரைத்தான் குடிச்சாளா?"ன்னார். "அதைக் குடிச்சுத்தான் உசுரோட இருக்கா"ன்னேன். "போறதுன்னா போ. ஊருக்குத் தெரிய வேண்டாம்"னார். அவர்கிட்ட இருந்து அதுவே பெரிசு. ஆனா எனக்கு அது பத்தலை.

நாமக்கல்லுலயும் சேலத்துலயும் பஸ் மாறிப் போனேன். தறிச் சத்தம் கேக்கற ஒரு சந்துல பழனியம்மா உக்காந்து ராட்டையில நூல்தார் சுத்திக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் ராட்டையை நிறுத்தலை.

"புள்ளை எப்படி இருக்காங்க அம்மிணி?"ன்னா.

"மூணாவது படிக்கறா"ன்னேன். அப்புறம் எனக்கு அழுகைதான் வந்தது. அவ அழுகலை.

"அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க. பஸ் ஏறற வரைக்கும் பாத்தேன். அப்புறம் பாக்கறதை விட்டுட்டேன்"னா.

"தப்புப் பண்ணிட்டேன்."

"இப்ப மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, மோரு கேக்க வந்தீங்களா? ரெண்டு வருசம் கழிச்சுச் சும்மா வரமாட்டீங்க."

"ரெண்டுக்கும்தான்"னேன்.

"எது மொதல்ல?"

"எனக்கே தெரியலை"ன்னேன். நெசமாவே தெரியலை தம்பி.

ராட்டையை நிறுத்தினா. அப்புறம் எந்திரிச்சு, "உள்ள வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னா. சொம்புல மோர் குடுத்தா. ஊட்டுக்குள்ள உக்காந்து குடிச்சேன். அதே வழவழப்பு. இத்தனை நாள் புள்ளைக்குக் குடுத்தேனே தவிர நான் ஒரு நாளும் அதை வாயில வெச்சதில்லை.

எருமையை இங்க வரும்போதே வித்துட்டாங்களாம். உறை போயிரக் கூடாதுன்னு தினமும் ஒரு ஆழாக்குப் பால் வாங்கறா. எனக்கும் உனக்கும் போனது அவளுக்கு மட்டும் ஏன் போகலைன்னு கேட்டேன். அடுப்படி மூலையில ஈரமணல் கொட்டி அதுல பானையைப் பொதைச்சு வெச்சிருக்கா. "சூடு பட்டா நூல் அறுந்துருமுங்க. குளுமையில இருக்கோணும்"னா. நீ முப்பத்தேழு டிகிரின்னு எழுதினியே, அதைத்தான் அவ சொல்றா.

வெள்ளைத் துணியைத் தயிர்ல நனைச்சு நெழல்ல காய வெச்சு, நாலு துண்டு குடுத்திருக்கா. கல்யாணமாகி வாழப்பாடிப் பக்கத்துல இருந்து வந்தப்போ அவ அம்மா ஊட்டுல இருந்து இப்படித்தான் கொண்டுவந்தாளாம். ஆறின பால்ல போட்டா எந்திரிச்சுக்கும்கறா. இத்தோட வெச்சிருக்கேன்.

தோட்டத்துக்குத் திரும்பி வாங்கன்னு கேட்டேன். "வரமாட்டேனுங்க. இங்க யாரும் எங்களை எறங்கி நில்லுன்னு சொல்றதில்லை. ஒரு நா புள்ளையைக் கூட்டியாங்க, பாக்கோணும்"னா.

துணி வேணும்னா ஒரு விவசாயக் குடும்பம்னு எழுதக் கூடாது. அவ பேரைப் போடு. மாட்டேன்னா துணியைத் திருப்பி அனுப்பிரு.

அக்கா
செல்லாயி

பெங்களூர்
17-8-1984

அன்புள்ள அக்கா,

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். துணி போட்ட பால் மூன்றாம் நாளே உறைந்து நூல் விட்டதை அப்போதே எழுதியிருந்தேன். குளிர்ச்சியில் வைத்து வளர்த்தோம், பத்து மாதமாகியும் சங்கிலி போகவில்லை. அந்த வழவழப்பை மட்டும் தனியே பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்தும் பார்த்தோம். தயிரோடு கொடுத்த அளவுக்கு இல்லை, ஆனால் கொஞ்சம் பலன் தெரிகிறது. இது எலிக் கணக்குதான். மனிதர்களுக்கு என்ன செய்யும் என்று சொல்ல இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்.

ஒரு விஷயம் உனக்கு வருத்தமாக இருக்கும். பூவாத்தாளைப் பற்றி நான் எழுதியிருந்த நாலு வரியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு குழந்தை தேறியதை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. எடுத்துவிட்டேன்.

இன்னொன்றை எடுக்கவில்லை. 'இந்த உறைமோரைக் காத்துவந்தவரும், குளிர்ந்த ஈரமணலில் வைத்தால் அதன் தன்மை மாறாது என்று சொல்லித்தந்தவரும் ஜலகண்டாபுரம் திருமதி பெ. பழனியம்மாள்.' பேராசிரியர் முதலில் நன்றி சொல்லும் பகுதியில் கடைசி வரியாகப் போடலாம் என்றார். மணல் விஷயம் நம் யாருக்கும் தெரியாது சார், அதைக் கண்டுபிடித்தவர் அவர் என்றேன். உள்ளேயே போட்டிருக்கிறோம்.

போன வருஷம் துணி எடுக்கப் போவதாகச் சொல் என்று எழுதினேன் அல்லவா. அந்தக் கடிதத்தை நீ வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

அன்புடன்
அருணகிரி

பரமத்தி வேலூர்
14-10-1984

தம்பி அருணகிரிக்கு,

நீ அனுப்பின அச்சுத்தாள் வந்தது. இங்கிலீசுல இருக்கறதால எனக்கு அவ பேர் எந்த எடத்துல இருக்குன்னு தெரியலை. பள்ளிக்கூடத்து வாத்தியார் அர்த்தநாரிகிட்டக் குடுத்து, அந்த வரிக்குக் கீழ கோடு போட்டு வாங்கினேன். அவர் சத்தமாப் படிச்சார். மச்சானும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தார். "பேரெல்லாம் போட்டுட்டானா?"ன்னார். ஊருக்குத் தெரிய வேண்டாம்னு மறுபடி சொல்லலை.

பூவாவைப் பத்தின வரி இல்லாட்டிப் போகட்டும். உங்க புஸ்தகத்துக்கு ஒரு புள்ளை பத்தாது. எனக்கு இருக்கறது ஒண்ணுதான்.

காலாண்டுப் பரிச்சை லீவுல அவளைக் கூட்டிக்கிட்டு ஜலகண்டாபுரம் போனேன். பஸ்லயே எல்லாம் சொன்னேன். காய்ச்சல் வந்தது, மோர் குடுத்தது, அப்பா தொரத்தினது, நான் பேசாம நின்னது எல்லாத்தையும் சொன்னேன். எட்டு வயசுப் புள்ளைக்கு எவ்வளவு வெளங்குச்சோ. "நீ ஏம்மா பேசலை?"ன்னு மட்டும் கேட்டா. "பயமா இருந்தது"ன்னேன்.

பழனியம்மா அச்சுத்தாளைக் கையில வாங்கி, கோடு போட்ட எடத்தை வெரலால தடவிப் பாத்தா. "எங்கம்மா பேரையில்ல போட்டிருக்கோணும்"னு சிரிச்சா. பெரியசாமி அதை வாங்கிக்கிட்டுத் தறி ஓட்டறவங்ககிட்டக் காட்டப் போயிட்டான்.

பூவா என் சீலையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. அவளுக்கு மொகம் நெனவில்லை. நம்ம ஊட்டுல வேலைக்கு வாரவங்களை, எத்தனை வயசானாலும், புள்ளைக பேர் சொல்லித்தான் கூப்பிடும். நீயும் நானும் அப்படித்தான் கூப்பிட்டோம். என் காதுல, "அம்மா, இவங்களை என்னன்னு கூப்பிடறது?"ன்னு கேட்டா.

"பெரியம்மான்னு கூப்பிடு"ன்னேன்.

கூப்பிட்டா.

பழனியம்மா மோர் கொண்டுவாரேன்னு உள்ள போனா. நாங்க வெளியில ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம்.

அக்கா
செல்லாயி